பெல்லுவர்னா யாரு?

கீழே உள்ள பத்தியை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

“குரண்டக் காலத்தில் பெல்லுவர்கள் மொழுந்தில் தவிழை நெட்டுவது வழக்கம். தவிழ் முறையாகச் சுரட்டப்படாவிட்டால் மொழுந்து நொம்பிவிடும். ஆகவே, ஒவ்வொரு பெல்லுவரும் குறைந்தது இரண்டு சுரட்டிகளை வைத்திருப்பது அவசியமாகும்.”

இனி கேள்விகள்.

1. பெல்லுவர்கள் எப்பொழுது தவிழை நெட்டுவார்கள்?
2. மொழுந்து ஏன் நொம்பிவிடுகிறது?
3. ஒரு பெல்லுவரிடம் குறைந்தது எத்தனை சுரட்டிகள் இருக்க வேண்டும்?
4. இப்பகுதியின்வழி நீ அறியும் படிப்பினை யாது?

உங்களுக்கும் பதில் தெரிந்திருக்கும். குரண்டக் காலத்தில். தவிழ் முறையாகச் சுரட்டப்படாததால். இரண்டு. நாலாவதை மட்டும் கொஞ்சம் யோசித்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலைகளில் எங்கள் குடியிருப்புப் பகுதி மண்டபத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து இலவச வகுப்பு நடத்துகிறோம். கணிதமும் இயற்பியலும் எடுக்கத்தான் போனேன். தமிழ் எடுக்க ஆள் வராததால் அதுவும் என் தலையில் விழுந்தது. அங்கே ஐந்தாம் படிவ மாணவர்கள் பதினான்கு பேருக்கு, எதுவும் சொல்லாமல், இந்தப் பத்தியைக் கருத்துணர்தல் பயிற்சியாகக் கொடுத்தேன். அதிலிருக்கிற பெயர்ச்சொல், வினைச்சொல்லில் பாதி நானே இட்டுக்கட்டியது. எந்த அகராதியிலும் கிடைக்காது.

பதின்மூன்று பேர் எழுதினார்கள். முதல் மூன்று கேள்விக்கும் பதின்மூன்று பேருக்கும் முழு மதிப்பெண். நாலாவதற்கு ஒன்பது பேர் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்: நாம் எப்பொழுதும் முன்னெச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். ஒருவன் ‘என்றால் அது மிகையாகாது’ என்று முத்தாய்ப்பும் வைத்திருந்தான். இன்னொருவன், பெல்லுவர்களைப் போல நாமும் ஒற்றுமையாக வாழ வேண்டும் என்று எழுதியிருந்தான். விடைத்திட்டத்தைக் கையில் வைத்துத் திருத்தினால் அதற்கும் மதிப்பெண் கொடுக்காமல் இருக்க முடியாது.

பதினான்காவது ஒரு பெண். தாளில் ஒன்றும் எழுதவில்லை. நேரம் முடிய ரெண்டு நிமிஷம் இருக்கும்போது கையைத் தூக்கினாள்.

“சார், பெல்லுவர்னா யாரு?”

அந்த வகுப்பில் அன்று வாசித்தது அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் சுழியம்.

இந்த விளையாட்டு நான் கண்டுபிடித்ததல்ல. ஆங்கிலம் கற்பிக்கிறவர்கள் பல காலமாகச் செய்து காட்டுவதுதான். தமிழில் இது இன்னும் சுலபம். நம் வேற்றுமை உருபுகள் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். ‘இல்’ வந்தால் இடம், இல்லை காலம். ‘ஐ’ வந்தால் செயப்படுபொருள். ‘ஆகவே’ வந்தால் காரணம் முன் வரியில் உட்கார்ந்திருக்கிறது. அர்த்தமே தெரியாமல் ஒரு பத்தியைப் பிரித்து மேய இவ்வளவு தெரிந்தால் போதும். நம் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரிகிறது. பதினொரு வருடப் பயிற்சி.

ஆகவே, ‘பிள்ளைகள் வாசிப்பதில்லை’ என்று ஒவ்வொரு புத்தக வெளியீட்டிலும் பாடப்படும் அந்தப் பழைய ஒப்பாரியை நான் இங்கே பாடப்போவதில்லை. என் குற்றச்சாட்டு வேறு. வாசிக்காமலேயே வாசித்ததுபோல் எழுதுவது எப்படி என்பதை நாம்தான் முறையாக, பாடத்திட்டம் போட்டு, பயிற்றி அச்சடித்து, டியூஷன் வைத்துக் கற்பித்துக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பெயர்தான் கருத்துணர்தல். அதன் மேல்படிப்புக்குப் பெயர் இலக்கியத் திறனாய்வு.

‘நாம்’ என்று சும்மா சபை மரியாதைக்குச் சொல்லவில்லை. அந்த வகுப்பில் முதல் நாள் நானே சொல்லிக்கொடுத்த உத்தி இதுதான்: “முதல்ல கேள்வியப் படி. முக்கியச் சொல்லுக்குக் கோடு போடு. அப்புறம் பத்தியில அந்தச் சொல் எங்க இருக்குன்னு தேடு. அந்த வரிய அப்படியே எழுது. முழுசா படிச்சிக்கிட்டு இருக்காத, நேரம் பத்தாது.” எனக்கு என் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது. அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. இன்று கணினியில் ஒரு சொல்லைத் தட்டித் தேடுகிறோமே, அந்த வேலையைத்தான் பிள்ளைகளுக்குக் கையால் செய்யக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

இதை உடைக்கத்தான் உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் வந்தன என்பார்கள். 2013இல் தொடங்கிய கல்விப் பெருந்திட்டம் அதைப் பெரிதாகப் பேசியது. மனப்பாடம் போகும், சிந்தனை வரும் என்றார்கள். என்ன நடந்தது? சிந்தனைக்கும் ஒரு வாய்பாடு வந்துவிட்டது. ‘இச்சிக்கலைக் களைய உன் கருத்து யாது?’ என்று எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது: பெற்றோர் பங்கு, பள்ளியின் பங்கு, சமூகத்தின் பங்கு, அரசாங்கத்தின் பங்கு. டெங்கிக்கும் அதே நாலு. பகடிவதைக்கும் அதே நாலு. நாளை நாட்டில் எரிமலை வெடித்தாலும் பெற்றோர் பிள்ளைகளுக்கு அறிவுரை கூற வேண்டும் என்றுதான் எழுதுவார்கள்.

2021இல் யு.பி.எஸ்.ஆர். போனது. 2022இல் பி.டி.3 போனது. தேர்வு போனால் தேர்வுக்கான படிப்பும் போய்விடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். புத்தகக் கடைக்குப் போய்ப் பாருங்கள். பயிற்சி நூல்கள் அதே அடுக்கில்தான் இருக்கின்றன. அட்டையில் இருந்த தேர்வின் பெயர் மட்டும் போய், ‘வகுப்புசார் மதிப்பீடு’ என்று வந்திருக்கிறது. உள்ளே அதே கோடிட்ட இடம், அதே விடைப்பட்டியல்.

இலக்கியத்துக்கு வருகிறேன். அங்கேதான் எனக்குக் கோபம் அதிகம், வெட்கமும் அதிகம்.

எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத்தில் நான் ஏ வாங்கியவன். நாவல், நாடகம், கவிதை மூன்றுக்கும் எழுதினேன். அந்த நாவலை நான் கடைசிப் பக்கம்வரை படிக்கவில்லை. நாற்பது பக்கம் தாண்டியிருந்தால் அதிகம். ஆனால் அதன் கருப்பொருள், துணைக்கருப்பொருள்கள், கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு, பின்னணி, உத்திமுறைகள், மொழிநடை, படிப்பினை எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒளிநகல் எடுத்த குறிப்பு ஒன்று கைமாறிக் கைமாறி என்னிடம் வந்திருந்தது. சில இடங்களில் எழுத்தே மங்கிப்போயிருந்தது. மங்கிய இடத்தில் முன்னால் படித்த அக்கா யாரோ பேனாவால் எழுதி நிரப்பியிருந்தார். அந்தக் குறிப்பை மனனம் செய்து எழுதினேன். ஏ வந்தது. அம்மா கோயிலில் அர்ச்சனை செய்தார்.

அந்தக் குறிப்புகளில் மனிதர்கள் எப்படி இருப்பார்கள் தெரியுமா? கதாநாயகன்: அன்புள்ளம் கொண்டவன், விடாமுயற்சி உடையவன், பெற்றோரை மதிப்பவன், நட்பைப் போற்றுபவன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று. கதாநாயகி: பொறுமைசாலி, குடும்பப்பற்று மிக்கவள். எதிர்மறைப் பாத்திரம்: பேராசை கொண்டவன், இறுதியில் திருந்துபவன். பள்ளியை விட்டுப் போகும்போது தலைமையாசிரியர் கொடுப்பாரே நன்னடத்தைச் சான்றிதழ், அதே மொழி. ஒரு மனிதன் ஒரே நேரத்தில் பாசக்காரனாகவும் கோழையாகவும் இருக்கலாம், நல்லது செய்வதாக நினைத்தே ஒரு வீட்டைக் கெடுக்கலாம் என்பதைக் காட்டத்தானே நாவல் என்ற ஒன்றை எழுதுகிறார்கள்? அதைத்தான் முதலில் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பட்டியல் போடுகிறோம்.

கவிதை கதி இன்னும் மோசம். முதல் எழுத்து ஒன்றினால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. கடைசியில் ஒன்றினால் இயைபு. பிள்ளைகள் கோடு போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். சரி, அந்த இடத்தில் அந்த மோனை என்ன செய்கிறது? அது இல்லாமலிருந்தால் அந்த வரி என்ன ஆகும்? கேட்டால், “ஓசை இன்பம் தருகிறது சார்.” எந்தக் கவிதைக்கும் ஓசை இன்பம்தான். மரணத்தைப் பற்றிய கவிதைக்கும் ஓசை இன்பம், சுதந்திரத்தைப் பற்றிய கவிதைக்கும் ஓசை இன்பம்.

நான் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பம்ப் நின்றுபோனால் அதன் பாகங்களின் பெயரை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவரை நாங்கள் கூப்பிடுவதில்லை. பெயர் தெரிய வேண்டும்தான். ஆனால், நேற்றுவரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை, எந்த இடத்தில் சத்தம் மாறுகிறது என்று காதை வைத்துக் கேட்கத் தெரிந்தவர்தான் வேலைக்கு ஆகிறார். நாம் நடத்தும் திறனாய்வு, பாகங்களின் பெயரை ஒப்பிக்கச் சொல்லிவிட்டு மெக்கானிக் சான்றிதழ் கொடுப்பது.

இதன் விளைவு எனக்கு எப்போது தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு நண்பர் ஒருவர் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையைக் கொடுத்தார். படித்து முடித்துவிட்டு நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி: “இதுல படிப்பினை என்ன?” அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

கதை தெரிந்திருக்கும். கடவுள் சென்னைக்கு வருகிறார். கந்தசாமிப் பிள்ளையிடம் மாட்டிக்கொள்கிறார். பிள்ளை சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர். எதிரில் இருப்பவர் கடவுள் என்று தெரிந்த பிறகும் அவரை ஆயுள் சந்தாதாரராகச் சேர்க்கப் பார்க்கிறார். யாருடைய ஆயுள் என்று கடவுளுக்குச் சந்தேகம் வருகிறது. என் ஐந்தாம் படிவக் குறிப்பின்படி இதற்கு விடை: ‘ஆசிரியர் நகைச்சுவை உத்தியைக் கையாண்டுள்ளார்.’ அவ்வளவுதான், ரெண்டு மதிப்பெண். ஆனால் அங்கே நாம் ஏன் சிரிக்கிறோம்? சாவே இல்லாதவனிடம் ஆயுள் சந்தா கேட்பதாலா? பத்திரிகை அவனைவிட அதிக நாள் ஓடும் என்று பிள்ளை நம்புவதாலா? கடவுளே வந்து நின்றாலும் ஒரு சந்தா கிடைக்குமா என்று கணக்குப் போடும் அளவுக்கு வயிற்றுப்பாடு அந்த மனிதனைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதாலா? மூன்றாவதை யோசிக்கும்போது சிரிப்பு கொஞ்சம் அடங்குகிறது. இவ்வளவையும் ஒரு சின்ன உரையாடலில் அவர் வைத்திருக்கிறார். நான் ஏ வாங்கியவன், எனக்கு இது ஒன்றும் கண்ணில் படவில்லை. நான் படிப்பினையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இனி எதிர்வாதங்கள். நான் இதைப் பேச ஆரம்பித்தால் ஆசிரிய நண்பர்கள் மூன்று பதில் வைத்திருக்கிறார்கள். மூன்றும் லேசானவை அல்ல.

முதலாவது: “நீ சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போற. நாப்பது பேர் வகுப்புல நின்னு பாரு. சரளமா வாசிக்கவே தடுமாறுற பிள்ளைங்கள வெச்சிக்கிட்டு என்ன திறனாய்வு?” நியாயமான கோபம். இடைநிலைப்பள்ளியில் தமிழுக்கு ஒதுக்கப்படும் நேரம் எவ்வளவு, அதிலும் எத்தனை பாடவேளை மதியம் பிள்ளைகள் தூங்கி வழியும்போது வருகிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் தடுமாறுகிற பிள்ளைக்குத்தான் இந்த உத்தி அதிகக் கெடுதல் செய்கிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளை வீட்டில் ஏதோ கதை படித்து எப்படியோ கரையேறிவிடும். தடுமாறுகிறவனுக்கு வகுப்பறையை விட்டால் வேறு இடமில்லை. அவனுக்குப் புரியாத இடம் எது என்று அவனே கண்டுபிடிக்க வேண்டிய அந்த நிமிஷத்தில், “புரியலேன்னா பரவால்ல, அந்த வரிய எழுதிடு” என்கிறோம். புரியவில்லை என்ற உணர்வையே அவனிடமிருந்து எடுத்துவிடுகிறோம். அது போன பிறகு எதை வைத்து அவனுக்குக் கற்பிப்பது?

இரண்டாவது: “விடைத்திட்டம் அப்படி. நாங்க என்ன செய்ய?” இதற்கு என் பதில், விடைத்திட்டமும் வானத்திலிருந்து விழவில்லை என்பதுதான். கேள்வி தயாரிப்பவரும் தாள் திருத்துபவரும் தமிழாசிரியர்கள்தாம். திறந்த கேள்விக்கு ‘ஏற்புடைய பிற விடைகள்’ என்று கீழே ஒரு வரி போடுகிறார்கள். அந்த ஒரு வரியை நம்பித் தன் சொந்த விடையை எழுத ஒரு மாணவனுக்கு நாம் எப்போதாவது தைரியம் கொடுத்திருக்கிறோமா? திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்பது நம் மரபு. பரிமேலழகர் மற்றவர்கள் சொன்ன பொருளை எடுத்துப்போட்டு, ஏன் அது பொருந்தாது என்று காரணம் சொல்லி மறுப்பார். ஒரே குறளை இரண்டு பேர் இரண்டு விதமாக வாசிக்கலாம், ஆனால் இருவரும் சொல்லைச் சுட்டிக் காரணம் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு நமக்குப் புதிதல்ல. அந்த மரபின் வாரிசுகள் என்று மேடையில் மார்தட்டுகிறோம். வகுப்பறையில் ஒரு குறளுக்கு ஒரே பொருள், அதுவும் பாடநூலில் அச்சான அதே சொற்களில். யார் சொன்னாலும் அதன் மெய்ப்பொருளைத் தானே காண்பதுதான் அறிவு என்று வள்ளுவர் சொல்லும் குறளையும் சேர்த்துத்தான் இப்படி ஒப்பிக்க வைக்கிறோம்.

மூன்றாவது பதில்தான் கனமானது. “தம்பி, தமிழ் இலக்கியம் எடுக்குற பிள்ளைங்களே குறைச்சல். ஏ கிடைக்கும்னு சொல்லித்தான் பிடிச்சி வெச்சிருக்கோம். நீ சொல்ற மாதிரி கஷ்டமாக்குனா ஒருத்தனும் வர மாட்டான். பாடமே போயிடும்.” இதைச் சொன்னவர் பல வருடம் தன் சொந்தக் காசில் நூல் வாங்கிக் கொடுத்து, பள்ளிக் கால அட்டவணையில் இடம் கிடைக்காமல் வார இறுதியில் வகுப்பு நடத்தியவர். அவர் போன்றவர்கள் இல்லையென்றால் நான் அந்தப் பாடத்தை எடுத்திருக்கவே முடியாது. அவர் முன்னால் நின்று பேச எனக்கு யோக்கியதை கிடையாது என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

ஐயா, எண்ணிக்கையைக் காப்பாற்றினீர்கள். மறுக்கவில்லை. ஆனால் என்னோடு அந்தத் தேர்வு எழுதிய பதினொரு பேரில் இன்று தமிழில் ஏதாவது வாசிக்கிறவர் நான் உட்பட இரண்டு பேர். இன்னொருவர் வாசிப்பதற்குக் காரணம் அவருடைய தாத்தா. மற்ற ஒன்பது பேருக்கும் இலக்கியம் என்றால் ஒளிநகல் குறிப்புதான். அவர்கள் அதை வெறுக்கவில்லை. ஒரு ஏ கொடுத்த பாடம், நன்றியோடுதான் நினைக்கிறார்கள். அதைத் திரும்பப் போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை என்று நினைக்கிறார்கள், அவ்வளவுதான். சுலபம் என்று சொல்லி அழைத்து வந்தவர்கள் சுலபமாகவே கிளம்பிப் போனார்கள்.

பாடம் போய்விடுமே என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் தேர்வு எழுத ஆள் வேண்டும் என்பதற்காகவே நடக்கும் ஒரு பாடம் எவ்வளவு காலத்துக்கு நிற்கும்? பல்கலைக்கழக நுழைவுக்கு அந்த ஏ உதவாது என்று ஒருநாள் தெரிந்தால் அன்றே காலியாகிவிடும். வேறு எந்தக் காரணத்தையும் நாம் அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லையே.

இது தமிழுக்கு மட்டும் வந்த நோய் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பதினைந்து வயது மாணவர்களைச் சோதிக்கும் பிசா ஆய்வில், வாசிப்பில் மலேசியாவின் புள்ளி 2018இல் 415. 2022இல் 388. அந்த ஆண்டு ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 476. பக்கத்திலிருக்கிற சிங்கப்பூர் 543. அந்தச் சோதனை தமிழில் நடப்பதில்லை. ஆனால் அது கேட்பது என்ன? இந்த வாக்கியத்தை எழுதியவரின் நோக்கம் என்ன, இந்த இரண்டு பேரில் யார் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது, இங்கே சொல்லாமல் விட்டது எது. பத்தியில் சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பவனுக்கு இதில் பாதிக்குமேல் கைகொடுக்காது. தாய்மொழியில்கூட ஒரு வரியின் முன்னால் நின்று யோசிக்கப் பழகாத பிள்ளை, மலாயிலோ ஆங்கிலத்திலோ திடீரென்று எப்படிப் பழகும்? வங்கிக் கடன் பத்திரத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் வாட்ஸ்அப்பில் வரும் ‘உடனே பகிரவும்’ செய்திகளையும் நம் ஆட்கள் எப்படி வாசித்து ஏமாறுகிறார்கள் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, குறை சொல்லியாகிவிட்டது. வேறு என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. பெல்லுவர் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வகுப்பில் செய்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

வெண்பலகையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன்.

‘அப்பா வந்ததும் அம்மா டி.வி. சத்தத்தைக் குறைத்தாள்.’

இது எப்படிப்பட்ட வீடு என்று கேட்டேன். முதலில் வழக்கமான மௌனம். பிறகு ஒருவன், “அம்மா அன்பானவங்க சார். அப்பா வேல முடிஞ்சி களைப்பா வந்திருக்காரு.” எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய் என்றேன். “குறைத்தாள்.” அப்போது கடைசி வரிசையிலிருந்து, வழக்கமாக வாயைத் திறக்காத ஒருவன் சொன்னான்: “பயம் சார்.” எந்தச் சொல்? “வந்ததும்.” அதற்கு என்ன? “அவரு ஒன்னும் சொல்லல சார். வந்தவொடனே இவங்களே குறைக்கிறாங்க. பழகிப்போச்சி.”

அப்புறம் இருபது நிமிஷம் வகுப்பு என் கையில் இல்லை. மரியாதையா பயமா என்று சண்டை. ‘குறைத்தாள்’ என்பதை ‘அடைத்தாள்’ என்று மாற்றினால்? “அப்போ கண்டிப்பா பயம்.” ‘வந்ததும்’ என்பதில் ஓர் எழுத்தை எடுத்துவிட்டு, அப்பா வந்தும் அம்மா சத்தத்தைக் குறைக்கவில்லை என்று எழுதினால்? ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள், “இது வேற வீடு சார்.” ஓர் எழுத்து போனதும் வீடே மாறிவிட்டது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. எதுகை மோனைக்குக் கோடு போட்ட எந்த நாளிலும் அந்த வகுப்பில் இப்படி ஒன்று நடந்ததில்லை.

விதி ஒன்றே ஒன்றுதான். என்ன பதில் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் எந்தச் சொல் உன்னை அப்படி நினைக்க வைத்தது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடிந்தால் எதிரெதிரான இரண்டு பதிலுக்கும் மதிப்பெண். காட்ட முடியாவிட்டால் எவ்வளவு நல்ல கருத்தாக இருந்தாலும் இல்லை. ‘நாம் ஒற்றுமையாக வாழ வேண்டும்’ என்பதற்கு விரல் வைக்க இடம் கிடைக்காது. தானாகவே செத்துவிடும்.

பிறகு மாதம் ஒரு சிறுகதை. குறிப்பு கிடையாது. வீட்டுக்குக் கொடுத்தால் படிக்க மாட்டார்கள் என்பதால் வகுப்பிலேயே ஆளுக்கு ஒரு பத்தி உரக்க வாசிப்பது. வாசிக்கும்போது எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் தடுமாறுவார்கள். தடுமாறட்டும். தடுமாறிய இடத்திலேயே நின்று பேசுவோம். கருப்பொருள், உத்தி என்ற சொற்களைக் கடைசியில்தான் எடுப்போம், ஏற்கெனவே கண்டுபிடித்ததற்குப் பெயர் வைக்க. இதற்குக் காசு வேண்டாம், கைத்திறன்பேசி வேண்டாம், அமைச்சின் அனுமதி வேண்டாம். வாரத்தில் ஒரு பாடவேளையில் பயிற்றியை மூடி வைக்கும் துணிச்சல் மட்டும் வேண்டும்.

கடைசியாக, இந்த இதழை வாசிக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கும் நாட்டில் முன்னூறு பிரதி விற்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அதே நேரத்தில் உங்கள் நூல் பாடநூலாகத் தேர்வானால் நன்றி அறிவிப்பு போடுகிறீர்கள். அதற்குக் குறிப்பு நூல் போடுகிறவர் அணிந்துரை கேட்டால் எழுதிக் கொடுக்கிறீர்கள். உங்கள் பாத்திரத்தை ‘அன்புள்ளம் கொண்டவன், விடாமுயற்சி உடையவன்’ என்று இரண்டு வரியில் முடித்திருப்பதைப் பார்த்து எந்த எழுத்தாளராவது சண்டைக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. பள்ளிகளுக்கு உங்களை அழைக்கும்போது தன்முனைப்பு உரை ஆற்றாதீர்கள். உங்கள் கதையிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளைகளிடம் கொடுத்து, இதில் பிடிபடாத இடம் எது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நான் நேர்மையாக எழுதியதாகாது.

வகுப்பில் நாங்கள் என்ன செய்தாலும் தேர்வு தேர்வுதான். முன்னோட்டத் தேர்வு நெருங்கியபோது பெற்றோர் கேட்டார்கள், பிள்ளைகளும் கேட்டார்கள். கடைசி ஐந்து வாரம் பழைய பாணிக்கே திரும்பினோம். கேள்வியைப் படி, கோடு போடு, தேடு, எழுது. நான்தான் நடத்தினேன். முடிவு வந்ததும் அவள் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். கருத்துணர்தலில் முன்பு பாதிக்குக் கீழே எடுத்துக்கொண்டிருந்தவள், இரண்டே மதிப்பெண்தான் குறைவு. நல்லா செய்திருக்கியே என்றேன்.

“ஆமா சார். இப்போலாம் புரியாட்டியும் எழுதிடுவேன்.”

நன்றி சொல்லிவிட்டுத்தான் போனாள்.